வினாடிக்கு 338 அடி

4-9-2025, வியாழன்

இதெல்லாம் நான் அப்போதே சொன்னதுதான். பொங்கலுக்கு அரியலூர் போயிருந்தபோது, என் தங்கை ருக்மணி வீட்டுக் கூடத்தில், பத்துப் பேர் முன்னால் சொன்னேன்: "இந்த வருசம் முடியறதுக்குள்ள உன் பொண்ணு கையில துப்பாக்கி இருக்கும். அதை வாங்கிக் குடுன்னு என்கிட்டதான் வந்து நிப்பா." எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு வந்து நின்றாளா இல்லையா?

சரி, துப்பாக்கி என்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "ஏதாவது பெரிசா பண்ணுவா" என்று சொன்னேன். அதற்குள் துப்பாக்கியும் அடக்கம்தானே.

சுப்ரியா மத்திகிரியில் மூன்று பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, எனக்கு ஒரு ஏர்சாஃப்ட் ரைஃபிள் வாங்கணும். வெல கம்மியா, ஆனா நல்லதா. உங்களுக்குத்தான் மெஷின் தெரியும்."

ஏர்சாஃப்ட் என்றால் ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடுகிற துப்பாக்கி. இரண்டு அணியாகப் பிரிந்து, முகத்துக்கும் கண்ணுக்கும் கவசம் மாட்டி, ஒளிந்து ஒளிந்து சுடுவார்கள். பட்டவர் வெளியே. அவள் கம்பெனி ஆட்கள் ஏழு பேர் ஓர் அணி. அக்டோபர் ஐந்தாம் தேதி அத்திப்பள்ளிக்காரர்களோடு போட்டியாம். சொந்தத் துப்பாக்கி உள்ளவர்களுக்குத்தான் இடம். இவள் ஒருத்திதான் இன்னும் வாடகைத் துப்பாக்கி. அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம். ஓவர்டைமில் சேர்த்த பதினைந்தாயிரம் இருக்கிறது, அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

என்.சி.சி.யில் குறி பார்த்துச் சுடுவதில் மாவட்டத்திலேயே முதல் ஆள் நான்தான் என்று சொன்னேன்.

"நீங்க எட்டாவதோட நின்னுட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

எட்டாவதிலேயே என்றேன்.

உள்ளே இருந்து பொற்கொடி குரல் வந்தது. ஆடுகிற மிக்ஸியை ஆறு மாதமாகச் சரி பண்ணத் தெரியாதவர் துப்பாக்கி பார்க்கப் போகிறாராம். பெண்டாட்டி என்றால் இப்படித்தான். குறித்து வைக்கிறேன்.

7-9-2025, ஞாயிறு

தளி போகிற வழியில், மூடிப்போன ஒரு கோழிப்பண்ணை. அதுதான் மைதானம். நீளநீளமாக நான்கு கொட்டகை, நடுவில் டிரம், டயர், மூட்டை. நடத்துகிறவர் பெயர் தானிஷ், முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததுமே ஆள் யாரென்று புரிந்துகொண்டார். எழுந்து நின்றார் என்று எழுதலாம். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

தானிஷிடம் எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டேன். "அண்ணா, மொதல்ல கண்ணாடி வாங்குங்க. மிச்சம் இருந்தா துப்பாக்கி" என்றார். பல் போனால் கட்டிக்கொள்ளலாம், கண் போனால் என்ன செய்வது என்றார். நியாயம். கம்பெனி டூல் ரூமில் தீப்பொறி பறக்கிற கிரைண்டர் முன்னால் இருபத்தெட்டு வருடம் நின்றவன் நான், எனக்கே சொல்கிறார்.

வலைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. இந்தக் குண்டு பட்டால் சாயம் ஒட்டாது. சட்டையில் தடம் இருக்காது. பட்டதா இல்லையா என்று பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஒவ்வொருத்தரும் தானாகக் கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு நடந்து வெளியே வந்துவிடுகிறார்கள். நடுவர் கேட்கவில்லை. சுட்டவன் கேட்கவில்லை. சுப்ரியாவும் ஒரு தடவை அப்படி வந்தாள், டயருக்குப் பின்னால் படுத்திருந்தவள். ஒரு ஈ காக்கைகூட அவளைப் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை.

"ஏன் பாப்பா எழுந்து வந்த? யாருக்குத் தெரியும்?"

"பட்டுச்சு மாமா. வேற என்ன பண்றது?"

இந்த மாதிரி ஆட்டத்தை நம் ஆட்கள் எத்தனை நாள் ஆடிவிடுவார்கள் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். கம்பெனியில் ஒரு ரிஜெக்ஷன் பீஸ் வந்தால் அது எந்த மெஷின், யார் ஷிஃப்ட் என்று ஒரு வாரம் அடித்துக்கொள்கிறோம். நான் இல்லை, அவன் இல்லை, இரும்பே சரியில்லை. கை தூக்கின ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

நான் தூக்கியிருக்கிறேன். நிறைய தடவை. தேதி ஞாபகம் இல்லை.

8-9-2025

இடுப்பு வலி. நாற்காலி சரியில்லை.

14-9-2025, ஞாயிறு

பாகலூர் ரோட்டில் பஷீர் அஹமது கடை. கிரிக்கெட் மட்டை, கேரம் போர்டு, தொங்குகிற ஷூ எல்லாம் தாண்டி உள்ளே போனால் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் பத்துப் பன்னிரண்டு துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் நுனியில் ஆரஞ்சு வண்ணம், நிஜம் என்று யாரும் பயந்துவிடக் கூடாதே. பஷீருக்கு என் வயசுதான், ஐம்பத்திரண்டு ஐம்பத்துமூன்று. பதினோரு வருடமாகக் கடை.

எனக்கு ஒன்று பார்த்ததுமே பிடித்துவிட்டது. நீளக் குழாய், மரக் கட்டை, பின்னால் கம்பியை இழுத்து இழுத்துச் சுடுகிறது. தோளில் வைத்தேன். கடையே அமைதியாகிவிட்டது. (கரண்ட் போயிருந்தது.) விலையும் குறைவு. இதுதான் என்றேன். பஷீர் சுப்ரியா கையில் கொடுத்து, "தூக்கிப் புடிச்சுக்கிட்டு அம்பது எண்ணும்மா" என்றார். இருபதுக்கே கை நடுங்கியது. மறுபடி சுட ஒவ்வொரு தடவையும் கம்பியை இழுக்க வேண்டும், அதற்குள் எதிராளி மூன்று போட்டுவிடுவான். கோழிக் கொட்டகைக்கு இருபது மீட்டருக்கு மேல் தேவையே இல்லை என்றார்.

கேஸில் ஓடுகிற வகை ஒன்று காட்டினார். சத்தம் கம்பீரம். ஆனால் தளிப் பக்கம் மார்கழிக் குளிரில் கேஸ் சோர்ந்துவிடுமாம், டப்பா வாங்கியே சம்பளம் கரையுமாம். அவரே வேண்டாம் என்றார். விற்கிறவர் தன் சரக்கை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கடைசியில் பேட்டரி வகை. அதிலும் இரும்பு உடம்பு ஒன்று, நைலான் உடம்பு ஒன்று. உள்ளே இருக்கிற பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் இரண்டிலும் ஒன்றேதான். விலை மட்டும் பாதிக்குப் பாதி. நான் இரும்பைத் தட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம்.

"அண்ணே, இரும்பு போட்டோ புடிக்க. நைலான் வெளையாட."

சுப்ரியா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அவர் சொன்னது சரி. அதை அவர் சொன்னதுதான் பிரச்சினை.

17-9-2025, புதன்

இன்று நான் செய்ததை எந்தக் கடைக்காரரும் செய்திருக்க மாட்டார். மைதானத்தில் வாடகைத் துப்பாக்கிக்குக் கொடுக்கிற உதிரிக் குண்டில் இருபது, அன்றைக்குக் கிளம்பும்போது பஷீர் கடையில் சுப்ரியா வாங்கின பாக்கெட் குண்டில் இருபது, இரண்டையும் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தேன். உதிரி 5.86-இலிருந்து 5.98 வரை ஆடுகிறது. இரண்டு குண்டில் அச்சு சேர்ந்த ஒட்டுக்கோடே நகத்தில் தட்டுகிறது. பாக்கெட் குண்டு 5.94, 5.95, 5.95, 5.96. அவ்வளவுதான். குழாயின் உள்விட்டம் 6.08. முட்டை மாதிரி இருக்கிற குண்டு அதற்குள் நேராக எப்படிப் போகும்? சுப்ரியாவுக்குக் குறி தப்புவது துப்பாக்கியால் பாதி, குண்டால் பாதி.

இன்ஸ்பெக்ஷன் கோபி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாதுரை அண்ணே, ஜவ்வரிசிக்கெல்லாம் ரிப்போர்ட் போடறீங்களா?" என்றான். போடா என்றேன். ஆனால் ரிப்போர்ட் போட்டேன். கம்பெனி ஃபார்மில், நாற்பது வரிசை, கையெழுத்தோடு. சுப்ரியா அதைப் படம் பிடித்து அவர்கள் குரூப்பில் போட்டாளாம். தானிஷ் உதிரிக் குண்டை அன்றைக்கே நிறுத்திவிட்டாராம். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

27-9-2025, சனி

வாங்கியாயிற்று. நைலான் உடம்பு, பேட்டரி, குண்டு நிரப்ப ஒரு உபரி மேகசின், முகக் கவசம், கண்ணாடி. பதினைந்துக்குள் அடங்கியது. கண்ணாடியை முதலில் வாங்கச் சொன்னது நான்.

பஷீர் விற்கும்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஸ்பீடு மெஷின் முன்னால் துப்பாக்கியை வைத்துப் பத்துத் தடவை சுட்டு, வேகத்தை ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டித் தருகிறார். வினாடிக்கு 338 அடி. மைதானத்தில் அனுமதி 350 வரை. அதற்கு மேல் போனால் கிட்ட நிற்கிறவர்களுக்குத் தோல் கிழியும். பஷீர் சீட்டு இருந்தால் தானிஷ் முதல் நாள் திரும்ப அளப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

350-இல் 338. பன்னிரண்டு அடி சும்மா கிடக்கிறது. அதைத்தான் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் டூல் ரூமில் அளவை அப்படி நடுவில் விட்டால் போர்மேன் கேட்பார், மிச்சம் யாருக்கு என்று.

சுப்ரியாவின் ஹவுஸ் ஓனர் அம்மா துப்பாக்கி என்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அதனால் துப்பாக்கி என் வீட்டில். ஆயுத பூஜை லீவுக்காக நாளை ஞாயிறு வேலை நாள், ஆட்டம் இல்லை. அவள் போட்டியன்று வந்து எடுத்துக்கொள்வாள்.

போகும்போது பையின் ஜிப்பை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

29-9-2025, திங்கள்

பூஜைக்காக மெஷின் துடைக்கிற வேலைதான் இன்று. நடுவில் பித்தளையில் மூன்று வாஷர் தேய்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி முகம். வீட்டு மிக்ஸிக்கு.

1-10-2025, புதன், ஆயுத பூஜை

கம்பெனியில் பூசணிக்காய், பொரி, வாழைக் கன்று. வீட்டில் ஸ்பேனர் செட், பொற்கொடியின் தையல் மெஷின், மிக்ஸி, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பஷீர் ஒட்டின சீட்டின் மேல் குங்குமம் படாமல் பார்த்து வைத்தேன். படம் பிடித்து சுப்ரியாவுக்கு அனுப்பினேன். நூறு ஹார்ட் போட்டாள். ஏழு.

5-10-2025, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

காலையில் மழைத் தூறல். போட்டி ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கியது. அவசரத்தில் தானிஷ் சீட்டைப் பார்த்தார், 338, சரி என்றார். சுப்ரியா நன்றாக ஆடினாள், அதைக் கட்டாயம் எழுத வேண்டும். முதல் ஆட்டத்தில் மூன்று பேரை வெளியே அனுப்பினாள். குண்டு நூல் பிடித்தது போல் போயிற்று. நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது ஆட்டத்தில், கொட்டகை முனையில், அத்திப்பள்ளி அணியில் ஹீனா என்று ஒரு பெண். பத்து மீட்டர் இருக்கும். சுப்ரியா சுட்டது கவசத்துக்குக் கீழே கழுத்தில் பட்டது. அந்தப் பெண் முதலில் கையைத் தூக்கினாள். அப்புறம்தான் கழுத்தைத் தொட்டாள். விரலில் ரத்தம்.

பெரிய காயம் இல்லை. பஞ்சு, மருந்து, பிளாஸ்டர். ஆனால் 338-க்கு ரத்தம் வராது என்று எல்லோருக்கும் தெரியும். தானிஷ் மெஷினை எடுத்து வந்தார். 391. மறுபடி. 389. மறுபடி. 391.

யாரும் கத்தவில்லை. அது இன்னும் மோசம். ஸ்பிரிங்கில் கை வைத்தால் சீசன் முழுக்க வெளியே, பொங்கல் வரைக்கும். அது அவர்கள் விதி. சுப்ரியா முகம் வெளுத்துப்போய், நான் ஒரு ஸ்க்ரூகூடத் தொடவில்லை, கடையிலிருந்து வந்தது எங்கள் மாமா வீட்டில் அப்படியே இருந்தது என்று சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கடையில் கொடுத்ததே அப்படித்தான் என்று சொன்னேன்.

தானிஷ் ஸ்க்ரூவின் மேல் டேப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிறு பஷீரையும் வரவழைத்து எல்லார் முன்னாலும் பிரிப்போம், அதுவரை யாரும் அவர் சீட்டை நம்ப வேண்டாம் என்று குரூப்பில் போட்டார். துப்பாக்கியைப் பையோடு என்னிடமே கொடுத்தார்கள்.

சுப்ரியா ஹீனாவிடம் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. தலை குனிந்திருந்தது.

6-10-2025

கடையின் மெஷின் தப்பாக இருக்கலாம். பழைய மெஷின்.

7-10-2025

டேப்பை ஹேர் டிரையர் காட்டிச் சூடாக்கினால் இரண்டு நிமிடத்தில் கையெழுத்து கலையாமல் உரியும். தெரிந்த விஷயம் என்பதால் எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் இல்லை.

8-10-2025, புதன்

பஷீர் வந்தார். சாயங்காலம் நான் வேலை விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். டி.வி.எஸ். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வரலாமா என்று கேட்டு உள்ளே வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்கு நான் தயார். பொற்கொடி டீ கொடுத்தாள்.

ஆர்டர் கொடுத்த ஆறு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்ட சரக்கைத் திருப்ப முடியாதாம். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னார். சீட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

"பதினோரு வருசத்துல அந்தச் சீட்டுல ஒரு நம்பர் மாத்தி எழுதுனதில்லண்ணே. 351 வந்தா 351-ன்னுதான் எழுதுவேன். அது விக்காது. கெடக்கட்டும்னு வெச்சிருப்பேன்."

நான் தலையாட்டினேன்.

"ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் பிரிக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்காண்ணே?"

நான் என்ன சொல்ல, மெஷின் என்றால் ஏறும் இறங்கும், என் அனுபவத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, ஒரு பழைய கதையைக் கால்மணி நேரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். டீயை முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

பாதி டீயோடு எழுந்து போயிருக்கலாம்.

10-10-2025, வெள்ளி

சுப்ரியா வந்திருந்தாள். அவளுக்குச் சட்னி அரைக்க பொற்கொடி மிக்ஸியைப் போட்டாள். ஜார் கடகடவென்று ஆடியது.

"வாஷர் கொண்டாந்திருக்கேன்னு சொன்னீங்களே, போடலியாங்க? ரெண்டு வாரம் ஆச்சு, அப்படியேதான் ஆடுது."

அளவு சேரவில்லை என்றேன். சுப்ரியா மிக்ஸியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். இவள் குவாலிட்டியில் வேலை பார்க்கிறவள். ஒரு பீஸ் ஏன் தப்பாயிற்று என்று பின்னால் நடந்து நடந்து போய்க் கண்டுபிடிப்பதுதான் அவள் சம்பளமே.

தோசையை மட்டும் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"மாமா, நீங்க தொறந்தீங்களா?"

"நானா? ச்சே."

"சரி மாமா."

அவ்வளவுதான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நம்பவில்லை என்றால் கத்த வேண்டியதுதானே? நம்பினாள் என்றால் ஏன் சட்னியைத் தொடவில்லை?

12-10-2025, ஞாயிறு

நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கோழிப்பண்ணைத் தகரக் கொட்டகையில் முப்பது பேர். இரண்டு அணியும், ஹீனா கழுத்தில் பிளாஸ்டரோடு, பஷீர் தன் டூல் பையோடு. பெஞ்சு மேல் வெள்ளைத் துணி விரித்துத் துப்பாக்கியை வைத்தார் தானிஷ். பிரிப்பதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்டார். "யாராச்சும் இதைத் தொறந்தீங்களா? இப்பச் சொன்னா இப்பவே முடிஞ்சிரும்."

அப்போதுதான் நான் எழுந்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அந்த ஆட்டத்தில் தூக்குவார்களே அது மாதிரி, கையை நேராக மேலே தூக்கினேன். "பட்டது எனக்குத்தான்" என்றேன். முப்பது பேரும் அசந்துபோனார்கள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்தால் அழுத்தம் கூடும் என்று கணக்குப் போட்டது. ஒரு வாஷருக்கு நாலு அடி ஏறும், மூன்றுக்குப் பன்னிரண்டு, சரியாக 350 என்று எண்ணியது. அளந்து பார்க்க மெஷின் இல்லாததால் ஒரு அட்டைப் பெட்டியைச் சுட்டுப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியது. பஷீர் சீட்டு உண்மை என்று சொன்னேன். வாஷர் மிக்ஸிக்கு என்று இந்த நோட்டிலேயே எழுதினதை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பஷீர் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். மூன்று பித்தளை வாஷரும் வெள்ளைத் துணியில் உருண்டன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கையில சுத்தம் இருக்குண்ணே" என்றார். "எதுக்கு வெக்கணும்னுதான் தெரியல."



வாஷர் இல்லாமல் மறுபடி அளந்தார்கள். 338.

தானிஷ் குரூப்பில் போட்டதை அங்கேயே அழித்துவிட்டு, தப்பு கடையில் இல்லை என்று புதிதாகப் போட்டார். ஆனால் துப்பாக்கி யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்பது விதி. தானாகச் சொன்னதால் பொங்கல் வரை இல்லை, இன்றையதோடு சேர்த்து நாலு ஞாயிறு மட்டும் சுப்ரியா வெளியே. நான் வலைக்கு இந்தப் பக்கம் எப்போதும் போல வரலாம், எந்தத் துப்பாக்கியையும் தொடக்கூடாது. ஹீனாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா. அடுத்த தடவ வாஷர் வெச்சீங்கன்னா மொதக் குண்டு உங்க கழுத்துல" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது எல்லோரும் கை தட்டினார்கள்.

13-10-2025

கை தட்டவில்லை. மழை, தகரத்தில் விழுந்த சத்தம்.

14-10-2025

ருக்மணிக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். மேலே எழுதியபடியே.

20-10-2025, தீபாவளி

பஷீர் கடைக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோனேன். கூட்டம். ஆர்டரை வேண்டாம் என்ற ஆறில் நாலு பேர் திரும்ப வந்துவிட்டார்களாம். மீதி இரண்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வாஷரும் கல்லாப் பெட்டிப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

26-10-2025, ஞாயிறு

சுப்ரியா வரவில்லை. தான் ஆட முடியாத இந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் மைதானத்துக்குப் போய் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறாளாம், அங்கே ஆடப் போகிற இன்ஸ்பெக்ஷன் கோபியின் மச்சான் சொன்னான். மிக்ஸிக்குக் கடையில் வாஷர் வாங்கிப் போட்டேன். எட்டு ரூபாய். ஆட்டம் நின்றுவிட்டது. பொற்கொடி இரண்டு தடவை சும்மாவே ஓட்டிப் பார்த்தாள்.

9-11-2025, ஞாயிறு

இன்றுதான் அவள் மறுபடி ஆடுகிற நாள். காலை ஏழு மணிக்கே வந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன்னால் மேஜை மேல் இரண்டு குண்டுப் பாக்கெட்டை வைத்து, "தானிஷ் அண்ணா புதுசா வாங்கியிருக்காரு. அளந்து வெக்கிறீங்களா மாமா?" என்றாள். நாளைக்குக் கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன். ஒன்றுக்கு இருபது வீதம். ஃபார்ம் எடுத்து வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு ருக்மணி போன். நான் சொன்னதை அவள் முழுசாக நம்பவில்லையாம், நான் சொல்வதை எப்போதுமே பாதிதான் நம்புவாளாம். அதனால் நேற்று மகளிடமே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் மாமாதான் முதலில் கை தூக்கினாரா என்று.

"ஆமாம்மான்னு சொன்னாண்ணே. மாமாதான் மொதல்லன்னு சொன்னா. எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

போனை வைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

டயருக்குப் பின்னால் படுத்திருந்து, யாருமே பார்க்காதபோது எழுந்து வந்தவள் அவள். எனக்காக அவள் அம்மாவிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள்.

ஆகையால் பன்னிரண்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். மற்றதெல்லாம் இருக்கட்டும், முப்பது பேர் இல்லை, இருபத்திரண்டு பேர், அதை விடுங்கள். தானிஷ் கேட்டபோது நான் எழவில்லை. கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே இரண்டு புறா. பஷீர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார். அப்போது எனக்கு முன்வரிசையில் ஒரு கை மேலே போயிற்று.

"துப்பாக்கி என்னோடதுண்ணா. என் மேலயே போட்டுக்கோங்க."

ஒரு ஸ்க்ரூகூடத் தொடாத கை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நான் மூன்று மூச்சு உட்கார்ந்திருந்தேன். எண்ணினேன், அதனால் தெரியும். அதற்குப் பிறகுதான் என்னுடையது எழுந்தது.